அவளுக்கு வந்த பக்குவம்

நர்ஸ் அவரைத்தான் நோயாளி என்று நினைத்து உட்காரவைத்தாள்.

இடது கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கியிருந்தால் யார்தான் நினைக்கமாட்டார்கள்?

“எனக்கில்லம்மா, இவளுக்கு” என்று மனைவியைக் காட்டினார்.

தூக்கத்தில் அவள் விட்ட குத்து அது. கனவில் யாரோடு சண்டையோ, அடி வாங்கியது அவர்.

பகலிலும் இப்படிக் கோபம் வருமா என்று டாக்டர் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

“ஐயோ, இல்ல டாக்டர். முன்னாடிதான் இவ வாய்க்குத் தெருவே பயப்படும். இப்ப ரெண்டு வருசமா சத்தமே இல்ல. தனியாக் கடைக்குப் போகக்கூடத் தயங்குறா. நல்லாப் பக்குவம் வந்துருச்சு.”

பெருமையாகத்தான் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெருமை உண்டு. தங்கமான மாமியார் என்று மருமகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

இந்தத் தூக்கக் கோளாறு உள்ள பலருக்குப் பின்னாளில் நடுக்குவாதமோ மறதி நோயோ வருவதுண்டு என்றார். துணிச்சலாக இருந்தவர் காரணமில்லாமல் ஒடுங்கிப்போவதும் அதற்கு முன்னறிகுறியாக இருக்கலாம். இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது. கவனித்துக்கொண்டே இருப்போம்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்குவமாம்!

இவர்கள் கொண்டாடிய அடக்கம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததா?

கோபம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, விழித்திருக்கும்போதே.

கீழே மருந்து வாங்குகிற இடத்தில் நீளமான வரிசை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கவாட்டில் புகுந்து, எல்லோருக்கும் முன்னால் சீட்டை நீட்டினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

பேசாமல் இரு என்று அவளுக்குள்ளே ஏதோ ஒன்று கெஞ்சியது.

அதன் பேச்சை இனிமேல் கேட்பதாக இல்லை.

“ஏங்க, வரிசைல வாங்க.”

குரல் பாதியில் உடைந்தது. அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மாதிரி நேரங்களில் கணவர் செய்வது ஒன்றுதான். முழங்கையைப் பிடித்து இழுப்பார். விடு, நமக்கெதுக்கு என்பார்.

இப்போதும் முழங்கையைப் பிடித்தார்.

ஆனால் இழுக்கவில்லை.

“இன்னும் சத்தமாச் சொல்லு” என்றார்.