இருபத்தோரு நிமிடம்

"கிளப்பாதே. சும்மா இருமவிடு" என்றார் சாங்-இல்.

என்ஜின் அறையிலிருந்து கிவோன் தலையை நீட்டினான். "ஏழு நிமிஷம் ஆச்சு அண்ணே. தண்ணில கிடக்கிற ஆள் நம்மளைச் சபிக்கப் போறான்."

"சபிக்கட்டும். இன்னும் அஞ்சு நிமிஷம்."

காவல் படகு இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கரடிப் பாறைக்கு இந்தப் பக்கம், ஓர் ஆரஞ்சுப் புள்ளி அலையில் ஏறி இறங்கியது.

பொம்மைதான். எழுபத்தைந்து கிலோ ரப்பர் பொம்மை, பயிற்சிக்காக நிலையத்தில் வைத்திருப்பது. கடலுக்குப் போகிற எல்லோரும் போடும் அதே ஆரஞ்சு மிதவைச் சட்டையை அதற்கும் மாட்டியிருந்தார்கள்.

அலைதடுப்புச் சுவரின் மேல், சியோலிலிருந்து வந்த நான்கு எம்.பி.க்கள் காகிதக் குவளையில் மீன் சூப் குடித்துக்கொண்டு நின்றார்கள். புள்ளி கண்ணில் பட்டதும் ஒருவர் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தார். கடலோரக் காவல்படைச் சட்டத் திருத்தம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வருகிறது. இரண்டு கிலோமீட்டரைக் கடக்கப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும் நிலையங்களுக்கு மட்டும் புதுப் படகு என்று அதில் ஒரு பிரிவு இருந்தது.

சாங்-இலின் படகு மானத்தை வாங்குகிற படகு. நல்ல நாளில் ஒன்பது நிமிடத்தில் போய்ச் சேரும். கெட்ட நாளில் பாதி வழியில் படுத்துக்கொள்ளும்.

ஜனவரியில் கணவாய் மீன் பிடிக்கும் படகு ஒன்று கவிழ்ந்த அன்று அப்படித்தான் படுத்தது. போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் மூன்று பேர் மிதந்தார்கள். கொக்கிக் கழியை ஒவ்வொருவரிடமும் நீட்டினார். ஒருவரும் பிடிக்கவில்லை.

இன்றைக்கோ, பாழாய்ப்போன என்ஜின் காலையில் முதல் திருகலிலேயே உறுமியது. அதனால்தான் இந்த நாடகம்.

இருபத்தாறு வருட வேலையில் அவர் பதிவேட்டில் ஒரு நிமிடத்தைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. இப்போது நவம்பர் குளிரில், நன்றாக ஓடுகிற என்ஜினை வேண்டுமென்றே இருமவிட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்து நிற்கிறார்.

பொம்மையைக் கொண்டுபோனவன் அவர் மனைவியின் தம்பி தல்-சூ. காலையில் அதைச் சிறு படகில் ஏற்றும்போதே முனகினான்.

"அத்தான், இது அக்காவைவிட குண்டு."

"அவ காதுல விழுந்தா உன்னைத்தான் கடல்ல போடுவா. இதைத் தள்ளிவிட்டுட்டுப் பாறைக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்க. ரேடியோ வேணாம், வச்சுட்டுப் போ. நீ உளறி எம்.பி.ங்க காதுல விழுந்தா காரியமே கெட்டுப்போகும்."

"ஒத்தை ஆளா தூக்கணுமா?"

"புதுப் படகு வேணுமா, வேணாமா?"

தல்-சூ சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

சாங்-இல் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். ஓதம் வடியும் நேரம். துறைமுக மிதவைகள் எல்லாம் வெளிக்கடல் பக்கம் சாய்ந்திருந்தன. ஆரஞ்சுப் புள்ளி மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் கிட்டே தெரிந்தது. நல்லதுதான், எம்.பி.க்கள் கண்ணில் தெளிவாகப் படும் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் என்ஜின் உறுமியது. படகு கிளம்பியது.

பாதி தூரம் போயிருப்பார்கள். ரேடியோவில் தாக் மி-ரான் பேசினார். நான்கு எம்.பி.க்களில் அவர்தான் மூத்தவர்.

"கேப்டன், பதினஞ்சு எப்பவோ தாண்டிடுச்சு. இந்த டப்பாவை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"ஆமா மேடம்."

"நிஜமாவே ஒரு ஆள் விழுந்திருந்தா என்ன கதி? என் ஓட்டு உங்களுக்குத்தான். மத்த மூணு பேரும் தலையாட்டுறாங்க."

"நன்றி மேடம்." சாங்-இலுக்குத் தன் குரலே திருடன் குரல் மாதிரிக் கேட்டது. அந்த அம்மாள் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். நல்லவேளை, ரேடியோ அணைந்தது.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே!" கிவோன் கீழேயிருந்து கத்தினான். "சோஜு உங்க செலவு. எனக்கு நடிப்புக்குத் தனியா ஒரு பாட்டில்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

பாறையை நெருங்கியதும் கிவோன் மேலே ஏறி வந்தான். பாறைக்கு அந்தப் பக்கம் தல்-சூவின் சிறு படகு, என்ஜின் அணைந்து, வெளிக்கடலைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே ஆரஞ்சுச் சட்டை குப்புறப் படுத்திருந்தது.

"உங்க மச்சானைப் பாருங்க. நாம இங்க உயிரைக் குடுத்து நடிக்கிறோம், துரை தூங்குறாரு."

"தூங்கட்டும். முதல்ல பொம்மையை எடுப்போம். எம்.பி.ங்க பாத்துக்கிட்டே இருக்காங்க."

வேகத்தைக் குறைத்தார்கள். இருபத்தோரு நிமிடம். தலை மார்பில் கவிழ்ந்து, அலையோடு ஆடிக்கொண்டு அது பக்கத்தில் வந்தது.

சாங்-இல் குனிந்து கொக்கிக் கழியை எடுத்தார். ஜனவரியில் நீட்டிய அதே கழி. இனிமேல் அப்படி நீட்ட வேண்டியிருக்காது, அதற்காகத்தானே இந்தப் பொய் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஆரஞ்சுச் சட்டையின் தோள்பட்டையைக் குறிவைத்து நீட்டினார்.

நீலம் பாரித்த ஐந்து விரல்கள் தண்ணீரிலிருந்து எழுந்து கழியைப் பிடித்துக்கொண்டன.

"அத்தான்... ஏன் இவ்ளோ நேரம்?"