கம்பெனிக்கு ஒரு கப்

"'ஐப்ரோ பண்ற பொண்ணுக்கு வாய் நாத்தம். மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்.' போட்டிருக்கறது ஒரே ஒரு ஸ்டார்!" செல்போனில் கடையைப் பற்றி வந்திருந்த ரிவ்யூவைப் படித்துக் காட்டிவிட்டு நிமிர்ந்தாள் சந்திரகலா. "சொல்லுங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு?"

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பெண்களை நம்பி நடக்கிற சின்ன பியூட்டி பார்லர் அது. முதலாளி சந்திரகலா. வேலைக்கு இருப்பது ரேவதியும் பிர்தௌஸும்தான்.

ரேவதி பிர்தௌஸைப் பார்த்தாள். பிர்தௌஸ் தரையைப் பார்த்தாள்.

ஐப்ரோ என்றால் லேசுப்பட்ட வேலையா? நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு மேலே குனிந்து இழுக்க வேண்டும். நூல் இழுப்பவள் வாய்க்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் ஜாஸ்தி. வேறு எந்த வேலையில் வேண்டுமானாலும் மறைக்கலாம், இதில் முடியாது.

"பங்குனி முகூர்த்தத்துக்கு ஆறு கல்யாணப் பொண்ணுங்க புக் ஆயிருக்கு. இப்ப போய் இப்படி ஒரு பேர் வந்தா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். யாருன்னு சொன்னா அந்த ஒருத்தர் மட்டும் போனா போதும். சொல்லலைன்னா நாளைக்கு ரெண்டு பேருமே வர வேணாம்."

ரேவதி வீட்டை நினைத்தாள். ஆட்டோ ஓட்டுகிற புருஷன் திருமலை, காலை முறித்துக்கொண்டு மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. யாருக்கோ இருக்கிற நாற்றத்துக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

"தப்பா நினைக்காதீங்க மேடம். இவதான். இவளே எங்கிட்ட சொல்லியிருக்கா."

சொன்னது நிஜம்தான். கார்த்திகை தீபம் முடிந்த வாரம், ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள் பிர்தௌஸ். "எனக்கு வாய் நாறுதுக்கா. கிரீன் டீ குடிச்சா ரெண்டு மணி நேரத்துக்குத் தெரியாதாம். தனியா குடிக்கக் கூச்சமா இருக்கு. கம்பெனிக்கு நீங்களும் ஒரு கப் குடிங்களேன்."

ரேவதிக்குப் பாவமாக இருந்தது. கசப்பைப் பொறுத்துக்கொண்டு அவளும் குடித்தாள். கல்யாணம் ஆகாத பெண்ணாயிற்றே என்று இதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. பக்கத்து தையல் கடைப் பெண்ணிடம் மட்டும் சொன்னாள். அப்புறம் பூக்காரியிடம்.

"இப்ப நோன்பு வேற மேடம். பகல் பூரா பச்சத்தண்ணி கிடையாது. நாறாம என்ன பண்ணும்?" என்றாள் ரேவதி.

சந்திரகலா திரும்பினாள். "அப்படியாம்மா?"

பிர்தௌஸ் ரேவதியை ஒரு தரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா மேடம். எனக்குத்தான்."

"உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகறது? வேணாம்மா. நாளைலேர்ந்து வராத."

பிர்தௌஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரேவதிக்கு அப்பாடா என்றிருந்தது. ராத்திரி சாப்பாடு மட்டும் ஏனோ இறங்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கலெக்டர் ஆபீஸ் மணிமொழி வந்தாள். ரேவதி நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். மணிமொழி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நேரா பாருங்க மேடம்."

பார்த்தாள். மறுபடியும் திரும்பிக்கொண்டாள்.

"ஏம்மா, பிர்தௌஸ் இல்லையா?"

ரேவதி வாயிலிருந்து நூலை எடுத்தாள். "அவளுக்கு வாய் நாத்தம்னு மேடம் நிறுத்திட்டாங்க."

"அவளுக்கா?"

மணிமொழி எழுந்து உட்கார்ந்தாள். மூக்கைத் துடைப்பது போலக் கைக்குட்டையை வைத்தவள் அதை எடுக்கவேயில்லை. "ஆபீஸ்ல ஒரு வேலை ஞாபகம் வந்துடுச்சு. இன்னொரு நாள் வரேன்" என்று பாதிப் புருவத்தோடு கிளம்பிவிட்டாள்.

ரேவதி உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் ஊதினாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. பிர்தௌஸ் நின்றிருந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"மேடம் வெளிய போயிருக்காங்களாக்கா? நான் வேலைக்கு வரல, இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." ஃபிளாஸ்க்கை நீட்டினாள். "சூடா இருக்கு. குடிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் பண்ணுங்க."

ரேவதி வாங்கிக்கொண்டாள். ஏதோ கேட்க நினைத்தாள், வாயைத் திறக்கவே கூசியது. அதற்குள் பிர்தௌஸ் தெருவில் இறங்கிவிட்டாள்.

நோன்பு தொடங்கிப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் தவறாமல் ஃபிளாஸ்க் வந்தது. அதில் ஒரு சொட்டுகூட பிர்தௌஸ் குடித்ததில்லை என்பது அப்போதுதான் ரேவதிக்கு உறைத்தது.