ஆறு வருஷக் கூரை

"இந்த ஷெட்டுக்கு என்னைக்குத்தான் கொள்ளி வைக்கப் போறே, பெஸ்னிக்?"

முதல் மாடி ஜன்னலிலிருந்து பின்னல் ஊசியை நீட்டிக் கத்தினாள் ஃபிலமீனா. ஊசியில் பச்சைக் கம்பளி நூல் தொங்கியது. "ஆறு வருஷம்! ஜன்னலைத் திறந்தா புறா எச்சம். எவனாவது ஏறி உள்ளே வந்துட்டா யாரு பதில் சொல்றது?"

"இன்னைக்கு எஞ்சினியர் வர்றாரும்மா. கையெழுத்துப் போட்டுட்டாருன்னா வெள்ளிக்கிழமை ஷெட் இருக்காது."

"போன தடவையும் இதையேதான் சொன்னே!" ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

பெஸ்னிக் தெருவில் நின்றபடி, சுருட்டி வைத்திருந்த ரப்பர் தண்ணீர்க் குழாயைப் பிரித்தான். பிராங்க்ஸ் நகரப் பகுதியில் அந்த ஆறு மாடிக் கட்டடத்தைப் பராமரிப்பது அவன் வேலை. அந்த வேலைக்காகத்தான் அடித்தளத்தில் அவனுக்கு ஒரு வீடு, அதில் மனைவியும் இரண்டு பெண்களும்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை முகப்புச் சுவரைத் தட்டிப் பார்த்து மாநகராட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு கல் ஆடினாலும் போச்சு. அதைச் சரி செய்து, எஞ்சினியர் மறுபடி வந்து திருப்திப்படும்வரை நடைபாதைக்கு மேல், கல் யார் தலையிலும் விழாமல் தடுக்க, ஷெட் என்கிற இந்தப் பலகைக் கூரை நிற்க வேண்டும். இரண்டு தடவை சரி செய்தாயிற்று. இரண்டு தடவையும் வந்து பார்த்தபோது இன்னொரு கல் ஆடியது.

"குளிர்காலத்துக்கு முன்னாடி ஒண்ணு ஷெட் போகணும், இல்லைன்னா நீ போகணும்" என்று சொல்லிவிட்டார் குடியிருப்போர் சங்கத் தலைவர் லெவிட். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் பெஸ்னிக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது.

ஷெட்டுக்குக் கீழே, வழக்கமான மூலையில், வீடில்லாத ஒரு ஆள் அட்டைகளுக்குள் சுருண்டு கிடந்தான். தினமும் நடைபாதை கழுவுகிற சாக்கில் பெஸ்னிக் அவன் பக்கம் தண்ணீரைத் திருப்பி விடுவான். இன்றும் திருப்பினான். அந்த ஆள் பச்சைக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, இருமியபடி நகர்ந்து படுத்தான்.

பத்து மணிக்கு எஞ்சினியர் ஹாலோரன் வந்தார். மொட்டை மாடியிலிருந்து தொங்கவிட்ட தொட்டிலில் நின்று, சின்னச் சுத்தியலால் கல் கல்லாகத் தட்டிக்கொண்டே இறங்கினார். டக், டக், டக். ஆறாவது மாடி, ஐந்து, நான்கு. எல்லாம் கெட்டியான சத்தம். பெஸ்னிக் மனசுக்குள் வெள்ளிக்கிழமை வந்தே விட்டது.

முதல் மாடியில் சத்தம் நின்றது.

"கொஞ்சம் மேலே வாப்பா."

பெஸ்னிக் ஏணி வைத்து ஷெட் பலகை மேல் ஏறினான். ஃபிலமீனாவின் ஜன்னலுக்குக் கீழே ஒரு கல், விழப்போகிற பால் பல் மாதிரி ஆடியது.

"போன மாசம்தானே சார் இங்கே பூசினாங்க!"

"பூசினது எங்கே? இது மழையில கரைஞ்சது இல்ல. யாரோ உக்காந்து சுரண்டியிருக்காங்க." ஹாலோரன் விரலைக் காட்டினார். புதுப் பொடி ஒட்டியிருந்தது.

"அப்ப எழுதாதீங்க சார். ஒரு மணி நேரத்துல பூச ஆளைக் கூட்டிட்டு வர்றேன். கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"ஆடுற கல்லைக் கண்ணால பாத்துட்டேன். பாக்கலைன்னு எழுதி, நாளைக்கு ஒரு குழந்தை தலையில விழுந்தா?" அவர் தலையைக் குனிந்துகொண்டே 'அபாயம்' என்று எழுதினார். "மன்னிச்சுக்கப்பா."

தொட்டில் மேலே போய்விட்டது. பெஸ்னிக் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான். மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபோதுதான் ஜன்னல் கட்டையில் சிந்தியிருந்த பொடியைப் பார்த்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு வெண்ணெய்க் கத்தி கிடந்தது. அதன் முனையிலும் அதே பொடி.

ஜன்னலைத் தட்டினான். ஃபிலமீனா திறந்தாள். அவன் கண் போன இடத்தைப் பார்த்தாள். கத்தியை ஒளிக்கக்கூட முயலவில்லை.

"நீங்களா? வாரா வாரம் மாநகராட்சிக்கு போன் போட்டு ஷெட்டை எடு எடுன்னு கத்துறதே நீங்கதானே!"

"கத்தலைன்னா எல்லாரும் முதல்ல என் ஜன்னலைத்தானே பாப்பாங்க."

"நாங்க நாலு பேரும் தெருவுக்குப் போகப்போறோம், தெரியுமா? உங்களுக்கு நான் என்னம்மா பாவம் பண்ணினேன்?"

"தெரியும்." அவள் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உன் பொண்ணுங்க எதிர்ல வந்தா, நான் கண்ணைத் திருப்பிக்கிட்டுப் போறேன். எனக்கு வேற வழி இல்ல, பெஸ்னிக்."

மழை பிடித்துக்கொண்டது. பலகை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, பிறகு சடசடவென்று கொட்டியது. பலகைக்குக் கீழே யாரோ இருமினார்கள். ஃபிலமீனா அந்த இருமல் அடங்கும்வரை அசையாமல் நின்றாள்.

"உள்ளே வாடான்னு ஆறு வருஷமாக் கெஞ்சுறேன். வர மாட்டேங்கிறான்" என்றாள்.

பெஸ்னிக் அவள் கையிலிருந்த பின்னலைப் பார்த்தான். பச்சைக் கம்பளி. பாதி முடிந்த கையுறை.

"என்னை நீ போலீஸ்ல வேணும்னாலும் சொல்லு. காலையில அவன் மேல தண்ணியை மட்டும் திருப்பாதே... பொறந்ததுல இருந்தே அவனுக்கு இழுப்பு."