வற்றிய ஈறு

போன பரிசோதனையின்போது பூமிநாதனின் பற்களைப் பாதிவரை ஈறு மூடியிருந்தது. மாற்றிவைத்த சிறுநீரகத்தைக் காக்கிற மாத்திரை செய்த வேலை அது. சில மாதங்களுக்கு ஒருமுறை பல் டாக்டரம்மா மெல்லிய கம்பியை வைத்து ஈற்றை அளப்பார். இப்போதெல்லாம் பூமிநாதனின் முகத்தை வேறு யாரும் தொடுவதில்லை. சிறுநீரகம் கொடுத்தவளும், வேளாவேளைக்கு மாத்திரையை உரித்து உள்ளங்கையில் வைத்தவளும் மனைவிதான். பங்குனியில் இறந்துபோனாள்.

“பரவாயில்லையே சார், நல்லா வத்தியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. சந்தோஷமாக இன்னொரு தடவை அளந்தார். கம்பி பல்மேலேயே நின்றுவிட்டது.

“சார், மாத்திரை போடுறீங்கதானே?”

வாய் திறந்திருந்ததால் பூமிநாதன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா கம்பியை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகும் பூமிநாதன் வாயை மூடவில்லை.