ஒற்றை வரிக்குக் கைதட்டல்

அந்தப் பேட்டா என் தலையில் அல்லவா ஏறியிருக்க வேண்டும் என்று நினைத்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் குமுதவல்லி. கல்லூரி மேடையில் நிர்மலாவுக்குச் சால்வை போர்த்தி, ஜரிகை மின்னும் மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையைச் சூட்டுகிறார்கள். ஒரே துறையில் பதினெட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி இருவருக்கும். சற்றுமுன் முடிந்த விவாதத்தில், மதகுருக்கள் ஆளும் ஈரான் அணுகுண்டு செய்வதற்குள் ஜனநாயக நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. ஆய்வாளர்களை அனுப்புவது, ஆள்பவர்களை மட்டும் நெருக்கும் தடைகள், விடாத பேச்சுவார்த்தை என்று குமுதவல்லி இருபது நிமிடம் விளக்கியபோது அரங்கில் கொட்டாவிச் சத்தம் கேட்டது. “முந்திக்கொண்டு அடிக்க வேண்டும்” என்று நிர்மலா ஒரே வரியில் முடித்தாள், கூரை அதிர்ந்தது. குமுதவல்லியின் மாணவி மஹ்னாஸ்கூடக் கைதட்டினாள். முக்காடு நழுவியதற்காகத் தெஹ்ரானில் அடி வாங்கிய பெண் அவள். அவளை நான்தானே மூன்று வருடமாகப் படிக்க வைக்கிறேன் என்று குமுதவல்லிக்கு ஆற்றாமை. இப்போது மஹ்னாஸ் சுவரோரம் நின்று தெஹ்ரானில் இருக்கும் அம்மாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. நிர்மலா இறங்கி வந்து ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, கன்னடம் கலந்த தன் தமிழில் கேட்கிறாள். “ஏன் கணே, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? உடனே அடிக்கணும்னு அறிக்கை, அவ்வளவுதான். சும்னே ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்குப் பேப்பர்ல ரெண்டு பேர் பேரும் வரும்.” குமுதவல்லி தாளை முழுக்கப் படிக்கிறாள். இன்னும் அம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும் மஹ்னாஸைப் பார்க்கிறாள். பேனாவை மூடித் தாளின்மேல் வைத்துத் திருப்பித் தருகிறாள். “உன் பேர் மட்டும் வந்தாப் போறும்டி.”