பெட்டி கட்டிய மருமகள்

“இனிமே இது சரிப்படாதுடா தம்பி. உள்ள ஒரே சூடு, தாங்கல. சின்னப் பெட்டியாக் கட்டிருவோம். கையில தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தாப் போதும்லா.”

மருமகள் ஆர்த்திகா அறைக்குள் போனில் பேசியது, துணி மடிக்க வந்த புனிதவதியின் காதில் தெளிவாக விழுந்தது.

“சனிக்கிழமை நீ கார் எடுத்துட்டு வந்துரு. அத்தைக்கு இப்பத் தெரிய வேணாம். தெரிஞ்சா விட மாட்டாங்க.”

புனிதவதி துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் பிரேம்நாத்துக்குச் சிங்கப்பூரில் வேலை. ஈப்போ வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். முந்தாநாள்தான் ஒரு சண்டை. வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, டுமீல் டுமீல் என்று சுட்டு விளையாடிக்கொண்டிருந்தாள் ஆர்த்திகா.

“குடும்பப் பொம்பள செய்ற வேலையா இது? ஒங்க வீட்டுல இதத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?” என்று புனிதவதி கத்திவிட்டாள். அவள் பதிலே பேசவில்லை.

பேசாதவள் இப்போது பெட்டியைக் கட்டுகிறாள்!

உடனே செமோரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கைக்குச் சொல்ல வேண்டுமா? வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

“நான் அன்னைக்கே சொன்னேன்லா அக்கா, அந்தக் கமுந்திங் ஊருப் பொண்ணு வேணாம்னு. சரி, அவ நகை எங்க இருக்கு?”

“என் அலமாரியிலதான். அவகிட்டயும் ஒரு சாவி இருக்கு.”

“மொதல்ல அத எடுத்து எங்கிட்டக் கொடு. அம்மா வீட்டுல போட்ட நகைய விட்டுட்டு எந்தப் பொண்ணு போவா?”

கூடாது என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் நாலு பேர் சிரிப்பார்களே! கோயிலில் யாராவது “மருமக எங்க?” என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அந்தப் பயத்தில், ஆர்த்திகா வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆரம், வளையல், அட்டிகை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் சுருட்டித் தங்கையிடம் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. ஆர்த்திகாவின் தம்பி தனேஷும் காரில் வந்தான்.

புனிதவதி முட்டி வலியோடு வாசலை மறித்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சுவதா, மிரட்டுவதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

தனேஷ் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்து பிரித்தான். உள்ளே ரொட்டி டின் அளவில் இரண்டு இரும்புக் கூடுகள்.

“என்னப்பா இது?”

“கேசிங் அத்தை. அக்கா கேம் வெளாடுற கம்ப்யூட்டர இதுக்குள்ள மாத்திக் கட்டப்போறோம். எங்க அப்பா அதப் பெட்டின்னுதான் சொல்லுவாரு. எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு.”

அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்து பெட்டி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“இதுல கைப்பிடி இருக்குக்கா. ஒன்னோட பெரிய கிராஃபிக்ஸ் கார்டு அப்படியே உள்ள போவும். கேம் பறக்கும். ஆனா ஃபேன் சத்தம் கொஞ்சம் ஓவர்.”

“அந்த இன்னொண்ணு?”

“இது சத்தமே வராது. ஆனா ஒன் கார்டு நொழையாது, சின்னதுதான் போடணும். கேம் திணறித் திணறித்தான் ஓடும். ஒன்ன டீம்லேருந்தே தூக்கிருவாங்க.”

“தூக்கட்டும்லா. சத்தம் வராததே எடு. ஆஸ்பத்திரியில அத்தை தூங்கணும்.”

“எந்த ஆஸ்பத்திரியில?” என்றாள் புனிதவதி.

ஆர்த்திகா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அடுத்த வாரம் ஒங்களுக்கு முட்டி ஆபரேஷன்லா. யாரும் கூட இருக்க வேணாம், நர்ஸ் பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டீங்க. நான் லீவு போட்டுட்டேன் அத்தை. நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் நானும் அங்கதான். நீங்க தூங்குறப்ப எனக்குப் பொழுது போவணும்ல, அதான் தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதா. முன்னாடியே சொன்னா வேணாம்னு ஒரே பிடியா நிப்பீங்க.”

புனிதவதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் பக்கத்தில் இருப்பதற்காகப் பெட்டி கட்டுகிறவளை ஓடிப்போகிறவள் என்று நினைத்து, ஊரெல்லாம் சொல்ல ஒரு தங்கையையும் பிடித்தாளே! அந்த நகையை இனி எப்படித் திருப்பி வாங்குவது? வாங்கினாலும் என்ன சொல்லி அலமாரியில் வைப்பது? சொல்லிவிடுவதுதான் மரியாதை.

“ஆர்த்தி... ஒன்னோட நகை... அலமாரியில...”

ஆர்த்திகா சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள். “தனேஷ், முக்குக் கடையில மூணு தே தாரிக் தாப்பாவ் பண்ணிக்கிட்டு வாடா.”

அவன் டீ பார்சல் வாங்கப் போய்விட்டான் என்று தெரிந்த பிறகுதான், மாமியார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அலமாரி காலியா இருந்தத வியாழக்கிழமையே பாத்துட்டேன் அத்தை. ஆபரேஷனுக்குக் காசு பத்தாம அடகு வெச்சிருப்பீங்கன்னு தெரியும்.”

புனிதவதிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா?”

“கேட்டா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்லா? எங்க அம்மா போன்ல, ஆரம் எங்கன்னு கேட்டாங்க. நான்தான் பேங்க்ல வெச்சிட்டேன்னு சொல்லிட்டேன். யாராச்சும் கேட்டா, நீங்களும் அதையே சொல்லிருங்க அத்தை.”