மாடியில் மிக்ஸிங்

"புதினாவை அலசிட்டுப் போடுங்க! மாப்பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா அதுக்கும் நான்தான் கசாயம் வைக்கணும்" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் அம்சம்.

கூடத்தில் நின்றிருந்தார் அவள் புருஷன் கோவிந்தராசு. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் செல்போன். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே காக்டெயில் கலக்கிக்கொண்டிருந்தான். ஏழாவது தடவையாக அதைப் பார்க்கிறார். அவன் சிரிக்கச் சிரிக்க இவருக்கு எரிச்சல் ஏறியது.

"ஒரு கிளாஸுக்கு முப்பது மில்லிங்கிறான் அம்சம்!"

பத்து லிட்டர் டேங்குக்கு முப்பது மில்லி பூச்சி மருந்து கலந்து பழகிய கை அது. திக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் இருமல் மருந்து மூடியால் கிளாஸுக்கு மூன்று மூடி வீதம் சரக்கை அளந்து ஊற்றி, எவர்சில்வர் தூக்கை மூடி, கடகடவென்று குலுக்கினார்.

"ஐயோ, அது பால் வாங்குற தூக்குங்க! ஊருக்குள்ள சாராயக் கடை வேணாம்னு மனு எழுதி மொத கையெழுத்துப் போட்ட மனுஷன் பண்ற வேலையா இது? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லன்னு பெருமை வேற!"

"நான் என்ன ஆசைப்பட்டா செய்யறேன்? நெல்லைக் கொள்முதல் நிலையத்துல தார்ப்பாய்க்கு அடியில போட்டுட்டு வந்து இங்க புதினா கிள்ளிக்கிட்டிருக்கேன். எல்லாம் என் தலையெழுத்து!"

தலைதீபாவளிக்கு அழைத்தபோது மாப்பிள்ளை இளவழகன் போனில் சொன்னதுதான் இத்தனைக்கும் காரணம். "மூணு நாள் தங்குறது கஷ்டம் மாமா. சாயங்காலமானா மிக்ஸிங் பண்ணியாகணும். ஒரு நாள்கூட விட முடியாது."

கோவிந்தராசுவுக்குச் சட்டென்று பழைய கூத்து ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் தம்பி சாமிதுரையின் மாப்பிள்ளை இப்படித்தான் தலைதீபாவளிக்கு வந்து, கடைத்தெருவில் குடித்துவிட்டு, புது வேட்டியோடு வாய்க்காலில் விழுந்தார். டிராக்டரில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. தன் மகள் சுடர்விழியைப் பார்த்து அப்படி ஒருத்தர் சிரித்துவிடக் கூடாது.

"அதை நம்ம வீட்டுலயே பண்ணிக்கலாம் மாப்பிள்ளை. நான் ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டார்.

"ரொம்ப நன்றி மாமா. சத்தமில்லாம ஒரு இடம் இருந்தாப் போதும்."

சாமிதுரைதான் விளக்கினான். "மிக்ஸிங்னா நம்ம ஆளுங்க மாதிரி தண்ணி ஊத்திக் குடிக்கிறது இல்லண்ணே. காக்டெயில்! மெட்ராஸ் இன்ஜினியருங்க அப்படித்தான் குடிப்பாங்க. தனியாக் குடிக்க விட்டுடாதீங்க, மரியாதையா இருக்காது."

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கத் தஞ்சாவூர் வரைக்கும் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாட்டில் வாங்கி வந்தார் கோவிந்தராசு.

சாயங்காலம் மாப்பிள்ளையும் மகளும் வந்து இறங்கினார்கள். சுடர்விழி பலகாரத் தட்டோடு சித்தப்பா வீட்டுக்குப் போனதும், கோவிந்தராசு மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போனார். இளவழகன் தன் கறுப்புப் பையை விடாமல் தூக்கிக்கொண்டு வந்தான். சொந்தச் சரக்கும் கொண்டு வந்திருக்கிறார் போல என்று கோவிந்தராசு பல்லைக் கடித்தார்.

"எடுத்துக்குங்க மாப்பிள்ளை."

கிளாஸில் மிதந்த புதினாவை இளவழகன் திகைத்துப் பார்த்தான். "எனக்குங்களா மாமா?"

"கூச்சப்படாதீங்க. நானும் கூட எடுத்துக்கிறேன்ல."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கோவிந்தராசு ஒரு வாய் விழுங்கினார். தொண்டை எரிந்தது. கண்ணில் வந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்து வைத்தார்.

"தினமும் உண்டுங்களா மாமா?"

"பழகிப்போச்சு மாப்பிள்ளை" என்று கூசாமல் பொய் சொன்னார்.

இளவழகன் கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கில் கிளாஸைக் காலி செய்தான். பெரிய கைதான் என்று நினைத்துக்கொண்டு இன்னொன்று ஊற்றினார் கோவிந்தராசு.

"எப்படி இருக்கு?"

"நல்லா... நல்லா இருக்கு மாமா."

மூன்றாவதும் உள்ளே போனது. கோவிந்தராசுவுக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை ஊற்றினாலும் போதும் என்று ஒரு வார்த்தை வர மாட்டேன் என்கிறதே! இந்த மனுஷனையா தேடிப் பிடித்துப் பெண்ணைக் கொடுத்தோம்?

அப்போதுதான் இளவழகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இப்ப மிக்ஸிங் ஆரம்பிக்கட்டுமா?"

"இன்னுமா?" கோவிந்தராசு கத்தியேவிட்டார். "அப்ப இவ்வளவு நேரம் நடந்தது என்ன மாப்பிள்ளை?"

இளவழகன் மிரண்டுபோய்க் கறுப்புப் பையைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு லேப்டாப் வந்தது. பிறகு, காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன்.

"சினிமாப் பாட்டு மாமா. குரல், நாதஸ்வரம், தவில் எல்லாத்தையும் தனித்தனியாப் பதிஞ்சு குடுப்பாங்க. அதை அளவாச் சேர்க்கிறதுக்குப் பேருதான் மிக்ஸிங். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லீங்களா?"

ஹெட்போனை மாட்டிச் சற்று நேரம் கேட்டவன், சிவந்த கண்களோடு அதைக் கழற்றி வைத்தான்.

"இன்னிக்கு முடியாது போல மாமா. நீங்க ஆசையா நீட்டினதை வேணாம்னு சொல்ல மனசு வராம, வாழ்க்கையில மொத தடவையாக் குடிச்சிட்டேன். பாட்டுல இருக்கிறது ஒரு தவில்தான்... எனக்கு ரெண்டாக் கேக்குது."